டீப் ஃபோகஸ் என்றால் என்ன? கைகளை இழந்து வீடு திரும்பும் ஒரு கடற்படை வீரனின் படத்தை வைத்து ஒரு விளக்கம்

டீப் ஃபோகஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுவது சுலபம். கேமராவுக்கு நாலடி தூரத்தில் இருக்கும் முகமும், முப்பதடி தள்ளி அறையின் கோடியில் நிற்கும் ஆளும் ஒரே ஷாட்டில், ஒரே நேரத்தில், மங்கல் இல்லாமல் தெரிந்தால் அது டீப் ஃபோகஸ். அவ்வளவுதான் இலக்கணம். இதைக் கேட்டுவிட்டு "சரி, அதனால் என்ன?" என்கிறவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். எல்லாமே தெளிவாகத் தெரிவதில் அப்படி என்ன கலை இருக்கிறது? சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏன் இதை விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

இதற்கு உதாரணமாக எல்லோரும் 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தைத்தான் எடுப்பார்கள். நான் எடுத்துக்கொள்வது வேறு படம்: வில்லியம் வைலர் இயக்கி 1946-இல் வெளியான 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, கிரெக் டோலண்ட். 'கேன்' படத்தைப் பார்க்கும்போது டீப் ஃபோகஸ் நம்மை அசத்துகிறது. அது எதற்காக என்பது எனக்குப் புரிந்தது வைலர் படத்தில்தான்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று பேர் ஒரே குண்டுவீச்சு விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். ஊரின் பெயர் பூன் சிட்டி. அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட நகரம். அல் ஸ்டீவன்சன் நடுவயதுக்காரர், வங்கி அதிகாரி. போரில் தரைப்படை சார்ஜெண்டாக இருந்தவர். ஃப்ரெட் டெர்ரி போருக்கு முன் ஒரு மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவன். விமானப்படையில் கேப்டனாகிப் பதக்கங்களோடு திரும்புகிறான். மூன்றாமவன் ஹோமர் பேரிஷ், கடற்படையில் இருந்த இளைஞன். கப்பலில் பிடித்த தீயில் இரண்டு கைகளையும் இழந்திருக்கிறான். கைகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு இரும்புக் கொக்கிகள். பக்கத்து வீட்டு வில்மா அவனுக்காகக் காத்திருக்கிறாள். கொக்கிகளை அவள் இன்னும் பார்க்கவில்லை.

ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகர் அல்ல. அமெரிக்க ராணுவத்தில் பயிற்றுநராக இருந்தவர். 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அதே நாளில், வட கரோலினாவில் இருந்த ஒரு பயிற்சி முகாமில் வெடிமருந்து கையிலேயே வெடித்து இரு கைகளையும் இழந்தார். காயமடைந்த வீரர்களின் மறுவாழ்வு பற்றி ராணுவம் எடுத்த 'டயரி ஆஃப் எ சார்ஜெண்ட்' என்ற சிறு படத்தில் அவர் தோன்றினார். அதைப் பார்த்துத்தான் வைலர் அவரை அழைத்தார். மெக்கின்லி கேன்டர் செய்யுள் வடிவில் எழுதிய மூலக்கதையில் ஹோமருக்குக் கைகள் உண்டு. மூளையில் பட்ட காயத்தால் உடல் கட்டுக்குள் நிற்காமல் துடிக்கும். ரஸ்ஸலைப் பார்த்த பிறகு அந்தப் பாத்திரத்தையே மாற்றினார்கள். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ரஸ்ஸலை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்பியது தெரிந்ததும் வைலர் அதை நிறுத்திவிட்டார். அவருக்கு நடிப்பு வேண்டாம், ரஸ்ஸல்தான் வேண்டும்.

வைலரும் போரிலிருந்து முழு உடம்போடு திரும்பியவர் அல்ல. விமானப்படைக்காக ஆவணப்படங்கள் எடுத்தவர். இத்தாலியின் மேல் பறந்து படமெடுத்தபோது விமானத்தின் இரைச்சலில் ஒரு காதின் கேட்கும் திறன் போய்விட்டது. ஹோமரின் கதையை எடுத்தவருக்கு வீடு திரும்புவது என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்தில் கேமராவை எங்கே வைப்பது என்பது வெறும் அழகுப் பிரச்சினையாக இருக்கவில்லை. கைகளை உண்மையிலேயே இழந்த ஒரு மனிதர் கேமரா முன் நிற்கிறார். அவரை எப்படிப் பார்ப்பது?

சரி, இப்போது லென்ஸுக்கு வருவோம்.

லென்ஸின் உள்ளே ஒளி நுழைய ஒரு துளை இருக்கிறது. அதைப் பெரிதாக்கலாம், சுருக்கலாம். அபெர்ச்சர் என்பது அதுதான். எதிரே இருக்கும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி அந்தத் துளை வழியாக வந்து, மறுபடி ஒரு புள்ளியாகக் குவிந்து ஃபிலிமில் விழ வேண்டும். நாம் ஃபோகஸ் செய்த தூரத்தில் இருப்பவை சரியாகக் குவியும். அதற்கு முன்னாலோ பின்னாலோ இருப்பவை புள்ளியாக விழாமல் சிறு வட்டங்களாகப் பரவி விழும். அந்தப் பரவலைத்தான் நாம் மங்கல் என்கிறோம். துளை பெரிதாக இருந்தால் வட்டம் பெரிதாகும், மங்கலும் கூடும். துளையைச் சுருக்கினால் உள்ளே வரும் ஒளிக்கற்றை மெலிந்துபோகும். வட்டமும் சிறுத்து, கண்ணுக்குப் புள்ளி போலவே தெரியும். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பாரே, அதே தந்திரம்தான்.

இன்னொன்று லென்ஸின் குவியத் தூரம்: தூரத்திலிருந்து வரும் ஒளி லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் குவிகிறது என்பதை மி.மீ. கணக்கில் சொல்லும் அளவு. அகலக் கோண லென்ஸ், அதாவது குவியத் தூரம் குறைந்த லென்ஸ், இயல்பாகவே அதிக ஆழத்தைத் தெளிவாகக் காட்டும்.

கணக்காகப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். 35 மி.மீ. அகல ஃபிலிம் ஓடும் சினிமா கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, அபெர்ச்சரை 2.8-இல் வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), பத்தடி தூரத்தில் நிற்பவரை ஃபோகஸ் செய்கிறீர்கள். தெளிவாகக் கிடைக்கும் ஆழம் மொத்தம் சுமார் ஒன்றரை அடி. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தாலே முகம் மங்கத் தொடங்கும். அதே கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் 11, ஃபோகஸ் ஏழடியில் என்று வையுங்கள். சுமார் மூன்றரை அடியில் தொடங்கி, தெருக்கோடி வரைக்கும் எல்லாமே தெளிவு.

அப்படியானால் எல்லோரும் அதையே செய்திருக்கலாமே? ஒளிதான் தடை. அபெர்ச்சர் எண் 2.8, 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொரு படியாக ஏறும்போது உள்ளே வரும் ஒளி பாதி பாதியாகக் குறைகிறது. 2.8-லிருந்து 11-க்குப் போனால் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. விட்டதைப் பிடிக்க, அரங்கில் பதினாறு மடங்கு வெளிச்சம் போட வேண்டும். 1930களின் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் அபெர்ச்சரைத் திறந்துவைத்து, வெளிச்சத்தை மிதமாக வைத்து, நாயகியின் முகத்தை மட்டும் தெளிவாகவும் பின்னணியைப் பஞ்சு போலவும் எடுப்பதே வழக்கமாக இருந்தது. அது அழகாகவும் இருந்தது, செலவும் குறைவு.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் சில விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் வேகமான ஃபிலிம் வந்தது. லென்ஸ் கண்ணாடியில் பட்டு வீணாகத் திரும்பிப்போகும் ஒளியைக் குறைக்கும் மேற்பூச்சு வந்தது. சக்திவாய்ந்த ஆர்க் விளக்குகளும் இருந்தன. டோலண்ட் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கையில் எடுத்து, 'கேன்' படத்தில் அபெர்ச்சரை 8-லிருந்து 16 வரை சுருக்கி எடுத்தார். அந்தப் படத்தில் ஆழமாகத் தெரியும் எல்லா ஷாட்டும் நேரடியாக எடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாயகன் கேனின் இரண்டாம் மனைவி சூசன் தற்கொலைக்கு முயன்று கிடக்கும் புகழ்பெற்ற ஷாட்டில் முன்னால் பெரிதாக இருக்கும் கண்ணாடித் தம்ளரும் பின்னால் இருக்கும் கதவும் ஒரே ஃபிலிமில் தனித்தனியாகப் பதிவு செய்து சேர்க்கப்பட்டவை.

இன்று உங்கள் பையில் இருக்கும் போனுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அதன் லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். முன்னாலும் பின்னாலும் எல்லாமே தெளிவாகத்தான் விழும். 'போர்ட்ரெய்ட் மோட்' என்பது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவது. டோலண்ட் எதற்காகப் போராடினாரோ அது இப்போது இலவசம். அவர் எதிலிருந்து விலக நினைத்தாரோ அதற்குத்தான் மென்பொருள் எழுதுகிறோம். எனக்கு மங்கலான பின்னணி மீது கோபம் எதுவும் இல்லை. ஆனால் அது பார்வையாளரிடம் "இதை மட்டும் பார்" என்று சொல்கிறது. எல்லாவற்றையும் தெளிவாக வைப்பது வேறு ஒன்றைச் சொல்கிறது. அது என்ன என்று பார்க்க மறுபடி பூன் சிட்டிக்குப் போவோம்.

ஹோமரின் மாமா புட்ச் ஒரு மதுக்கடை நடத்துகிறார். அங்கே ஒரு பியானோ. இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் நடந்தது இது: ஃப்ரெட் ஏற்கெனவே திருமணமானவன். மனைவியோடு ஒத்துப்போகவில்லை. அல்லின் மகள் பெக்கியும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். அல் அவனை அதே கடையில் உட்காரவைத்து, என் மகளைப் பார்ப்பதை நிறுத்திவிடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஃப்ரெட் எழுந்து, போன் செய்து அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று கடையின் வாசல் பக்கம் இருக்கும் டெலிபோன் கூண்டுக்குப் போகிறான்.

அந்த நேரம் பார்த்து ஹோமர் உள்ளே வருகிறான். முகமெல்லாம் சிரிப்பு. மாமா சொல்லிக் கொடுத்திருக்கிறார், கொக்கிகளால் பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அல்லைக் கூப்பிட்டு நிறுத்தி வாசித்துக் காட்டுகிறான். புட்ச் பக்கத்தில் உட்கார்ந்து கூட வாசிக்கிறார்.

இப்போது அந்த ஷாட். முன்னால், நமக்கு மிக அருகில், பியானோவும் ஹோமரும். கட்டைகளின் மேல் ஏறி இறங்கும் கொக்கிகள். பியானோவின் மேல் சாய்ந்து நிற்கும் அல். அவர்களைத் தாண்டி, கடையின் முழு நீளத்தையும் தாண்டி, ஃபிரேமின் ஒரு மூலையில் விரல் அளவுக்குச் சிறிதாக, கூண்டுக்குள் ஃப்ரெட். அவன் பேசுவது நமக்குக் கேட்காது. காதில் விழுவது பியானோ மட்டும். ஆனால் அவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது நமக்கும் அல்லுக்கும் தெரியும். ஹோமருக்குத் தெரியாது.

வழக்கமான முறையில் இதை எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கட்டைகளின் மேல் கொக்கிகள், குளோஸ்-அப். கட். அல் சிரிக்க முயல்கிறார். கட். ஃப்ரெட்டின் முகம், குளோஸ்-அப். அவன் குரலும் கேட்கும். கட். மறுபடி கொக்கிகள். எதை எப்போது பார்க்க வேண்டும் என்று எடிட்டர் முடிவு செய்திருப்பார். நாமும் கொக்கி வரும்போது வியந்து, ஃப்ரெட் வரும்போது வருந்தியிருப்போம். ஒவ்வொன்றும் அதனதன் பெட்டியில்.

வைலர் இரண்டையும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) வைத்ததும் நமக்குள் ஒரு இழுபறி தொடங்குகிறது. கொக்கிகளைப் பார்க்கத் தோன்றுகிறது. இரும்பு பியானோ வாசிப்பதை யார் பார்க்காமல் இருப்பார்கள்? ஆனால் மனசு அந்தக் கூண்டுக்குப் போகிறது. பெரிதாகத் தெரிவது சந்தோஷம், சிறிதாகத் தெரிவது ஒரு காதல் முறிவு. எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. நாமே முடிவு செய்கிறோம், முடிவு செய்துவிட்டு மாற்றிக்கொள்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு. படம் தொடங்கியதிலிருந்து அந்தக் கொக்கிகளை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்குப் பதிவு செய்ய அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலேயே எதிரே இருப்பவர் தயங்குகிறார். அவனே பேனாவைப் பிடித்துப் போடுகிறான். டாக்ஸியிலிருந்து வீட்டு வாசலில் இறங்கி நண்பர்களுக்குக் கையசைக்கத் தூக்கும்போது அம்மா கொக்கியைப் பார்த்துவிட்டு விம்மலை அடக்க முடியாமல் தவிக்கிறாள். வில்மா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அவன் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரம் போல நிற்கிறான். டாக்ஸியில் இருந்து இதைப் பார்க்கும் ஃப்ரெட், கடற்படை அவனுக்குக் கொக்கிகளைப் பயன்படுத்த நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்கிறான். காதலியை அணைத்துக்கொள்ளவும் அவள் தலையை வருடவும் அவர்களால் சொல்லித்தர முடியவில்லையே என்கிறார் அல்.

அப்புறம் அந்த ஜன்னல் காட்சி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஹோமரும் வில்மாவும் பேசிக்கொண்டிருக்க, அவன் தங்கையும் அவள் சிநேகிதப் பிள்ளைகளும் வெளியிலிருந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளைகள்தானே, ஆசையாகப் பார்க்கிறார்கள். ஹோமர் வெடித்துவிடுகிறான். கொக்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டுமா, பாருங்கள் என்று கத்திக்கொண்டே இரண்டு கொக்கிகளையும் கண்ணாடியில் குத்தி உடைக்கிறான். முறைத்துப் பார்க்கப்படுவதன் வலியை இதைவிட நேராகக் காட்டிய காட்சி எனக்கு நினைவில்லை.

அப்படிப்பட்ட ஹோமர், பியானோ காட்சியில் முதன்முறையாகத் தானே கூப்பிட்டு "பாருங்கள்" என்கிறான். அந்த நேரத்தில்தான் அவனுடைய கொக்கிகள் படத்தின் முக்கியப் பிரச்சினையாக இல்லாமல் போகின்றன. பெரிய துயரம் பின்னால், இன்னொருவனுக்கு நடக்கிறது. ஹோமர் பியானோ வாசித்து மகிழ்ந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண நண்பன். வைலர் அவன் ஊனத்தை மறைக்கவும் இல்லை, அதன் மேல் கேமராவைக் கொண்டுபோய் ஒட்டவும் இல்லை. அவன் மற்றவர்களோடு, மற்றவர்களின் கவலைகளோடு, ஒரே உலகத்தில் ஒரே தெளிவோடு இருக்கிறான். ஊனமுற்றவரை இப்படி ஒரு சட்டத்தில் வைப்பது அன்றைக்கு அபூர்வம். இன்றைக்கும் எத்தனையோ படங்களில் அப்படிப்பட்ட ஒருவர் வந்த உடனே கேமரா அவர் கையையோ காலையோ தேடிப் போகிறது, பின்னணியில் வயலின் அழத் தொடங்குகிறது. டீப் ஃபோகஸுக்கு மரியாதை என்று ஒரு பயன் உண்டு என்பதற்கு இந்த ஷாட்தான் என் சாட்சி.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் 1948-இல் வைலரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த ஷாட்டை விரிவாக எடுத்துப் பேசுகிறார். உண்மையான நிகழ்வு பின்னால் சிறிய மூலையில் நடக்கிறது, முன்னால் நடப்பது ஒரு வகையில் நம் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும் வேலை என்பது அவர் கவனித்தது. ஷாட்டுகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்: அன்றைய சராசரிப் படத்தில் ஒரு மணி நேரத்துக்கு 300 முதல் 400 ஷாட்டுகள் இருக்க, இந்தப் படத்தில் 200-க்கும் குறைவு. ஒரே ஷாட்டில் செயலையும் அதற்கான எதிர்வினையையும் காட்டிவிட முடியும்போது, இங்கும் அங்கும் வெட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல் போகிறது. டோலண்டோடு வேலை செய்ததால்தான் இது தனக்குச் சாத்தியமானது என்று வைலரே சொல்லியிருக்கிறார். பஸானின் வாதத்தை எளிமையாகச் சொன்னால், ஷாட்டுகளை வெட்டும் வேலையைப் பார்வையாளரின் கண்ணிடமே விட்டுவிடுவது டீப் ஃபோகஸ்.

இந்த வாதத்தோடு முழுக்க ஒத்துப்போக எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பார்வையாளருக்குக் கிடைப்பது முழுச் சுதந்திரம் அல்ல. பியானோ காட்சியில் அல் தலையைத் திருப்பிக் கூண்டைப் பார்க்கிறார். அந்தத் திருப்பம் ஒரு கைகாட்டி. நம் கண்ணும் அதன் பின்னால் போகிறது. ஃப்ரெட் போனுக்குப் போவதை முன்கூட்டியே காட்டியதும் அப்படித்தான். நடிகரின் பார்வை, நிற்கும் இடம், கதையில் நமக்கு முன்பே தெரிந்த விஷயம் ஆகியவற்றால் இயக்குநர் நம்மை வழிநடத்திக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் கையைப் பிடித்து இழுப்பதற்கும், அங்கே பாருங்கள் என்று கண்ணால் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. டீப் ஃபோகஸும் நீண்ட ஷாட்டும் ஒன்றல்ல. ஒரு ஷாட் இரண்டு வினாடி மட்டும் இருந்தாலும் டீப் ஃபோகஸாக இருக்கலாம். பத்து நிமிட ஷாட்டில் பின்னணி முழுக்க மங்கலாகவும் இருக்கலாம். அதேபோல, நடிகர்களை முன்னும் பின்னுமாக நிறுத்திக் காட்சி அமைப்பது இயக்குநரின் வேலை. அவர்கள் எல்லோரையும் தெளிவாகக் காட்டுவது லென்ஸின் வேலை. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வருவதால் ஒன்று போலத் தோன்றும்.

அல் வீட்டுக்கு வரும் காட்சியில் இந்த இரண்டும் எப்படிச் சேருகின்றன என்று பார்க்கலாம். கதவைத் திறந்த மகளையும் மகனையும் சத்தம் போடாதீர்கள் என்று அடக்குகிறார். உள்ளே இருக்கும் மனைவி மில்லி, யார் வந்திருக்கிறார்கள் என்று குரல் கொடுக்கிறாள். பதில் இல்லை. அந்த மௌனத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் நீண்ட நடைவழியின் மறுகோடியில் வந்து நிற்கிறாள். முன்னால் அல்லின் முதுகு, தூரத்தில் அவள். இருவருக்கும் நடுவில் இருக்கும் அந்த நடையின் நீளம் முழுவதும் நமக்குத் தெரிகிறது. பிரிந்திருந்த வருஷங்களை வசனம் எதுவும் சொல்லவில்லை, அந்த நடைதான் சொல்கிறது. நடக்க வேண்டிய அந்தத் தூரம் மங்கலாக இருந்திருந்தால் காட்சிக்குப் பாதி பலம் போயிருக்கும்.

இங்கே அரங்க அமைப்பையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கேமராவும் விளக்குகளும் புழங்குவதற்கு வசதியாக அறைகளைப் பெரிதாகக் கட்டுவார்கள். வைலர் நிஜ வீட்டு அறைகளின் அளவிலேயே கட்டச் சொன்னார். நடிகர்களைக் கடையில் ஆயத்த உடை வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே உடுத்திப் பழகச் சொன்னார். டீப் ஃபோகஸில் சுவரும் மேசையும் சட்டைக் காலரும்கூட முகத்துக்கு நிகராகத் தெரியும். பொய் இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் ஆழம் வேண்டும் என்று வைலர் அடம்பிடிக்கவும் இல்லை. ஹோமர் வில்மாவைத் தன் படுக்கையறைக்கு அழைத்துப்போகும் காட்சியில் ஆழத்துக்கு இடமே இல்லை. சின்ன அறை, இரண்டே பேர். என்னோடு வாழ்வது என்றால் என்ன என்று நீ பார்த்துவிடு என்கிறான். கொக்கிகள் தோள்வாரோடு பிணைக்கப்பட்டவை. தோளை அசைத்தால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும், ரப்பர் வளையங்கள் அதை மறுபடி மூடும். இரவில் அந்தத் தோள்வாரைக் கழற்றிக் கட்டிலில் போட்டதும் கைமுட்டிக்குக் கீழே எஞ்சியிருப்பது மட்டும்தான் அவன் கை. இனி இதை நானே மாட்டிக்கொள்ள முடியாது, காற்றில் அந்தக் கதவு சாத்திக்கொண்டால் திறந்து வெளியே வரவும் முடியாது என்கிறான். வில்மா அவன் இரவுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். கேமரா பதறவில்லை, நெருங்கி உற்றுப் பார்க்கவும் இல்லை. அவள் பார்க்கும் அளவுக்கு மட்டும் பார்க்கிறது. பின்னணி, ஆழம், மூலையில் இன்னொரு கதை எதுவும் இல்லாததால் இங்கே நம் கண்ணுக்குத் தப்பிக்கும் வழியும் இல்லை. ஒரு கருவியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்தவர்தான் அதை அறிந்தவர்.

கடைசியில் வரும் கல்யாணக் காட்சியில் மறுபடி ஆழம் திரும்புகிறது. ஹோமரும் வில்மாவும் பாதிரியார் முன் நிற்கிறார்கள். ஃப்ரெட் மாப்பிள்ளைத் தோழன். அறையின் உள்ளே தள்ளி, விருந்தினர்களோடு பெக்கி. ஹோமர் கொக்கியால் மோதிரத்தை எடுத்து வில்மாவின் விரலில் போடப் போகிறான். விழுந்துவிடுமோ என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் ஃப்ரெட்டின் தலை மெல்லப் பெக்கியை நோக்கித் திரும்புகிறது. மணமக்கள் சொல்லும் உறுதிமொழிகள் காதில் விழுந்துகொண்டே இருக்க, கண்ணெதிரே இன்னொரு ஜோடி. ஒரே சொற்கள் இரண்டு ஜோடிகளுக்கும் சொல்லப்படுவது போல ஆகிவிடுகிறது. பியானோ காட்சியில் ஹோமரின் சந்தோஷமும் ஃப்ரெட்டின் இழப்பும் ஒரே சட்டத்தில் மோதின. இங்கே அதே இருவரும், அதே ஆழத்தில், ஒரே பக்கம் வந்து சேருகிறார்கள்.

படம் 1947-இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு, இசை உட்பட ஏழு விருதுகளைப் பெற்றது. அல்லாக நடித்த ஃப்ரெட்ரிக் மார்ச் சிறந்த நடிகர், ரஸ்ஸல் சிறந்த துணை நடிகர். சக வீரர்களுக்கு நம்பிக்கை தந்ததற்காக ரஸ்ஸலுக்கு அதே இரவில் ஒரு கௌரவ விருதும் கொடுத்தார்கள். ஒளிப்பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலில் டோலண்டின் பெயரே இல்லை. அடுத்த ஆண்டு, 1948-இல், 44 வயதில் அவர் இறந்துபோனார். பரிந்துரைகூட இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஏற்கமுடியாததாகத்தான் இருக்கிறது. தன் வேலை கண்ணில் படாமல் இருப்பதற்காக உழைத்தவரை, கண்ணில் படவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், போனில் பார்க்காதீர்கள். கூண்டுக்குள் நிற்கும் ஃப்ரெட் பெரிய திரையிலேயே சின்ன உருவம்தான், போனில் ஒரு புள்ளியாகிவிடுவான். அப்போது ஷாட்டின் பாதி காணாமல் போகும், மிஞ்சுவது பியானோ வாசிக்கும் கொக்கிகள் மட்டும். டிவியிலோ புரொஜெக்டரிலோ, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பியானோ காட்சி வந்ததும் இரண்டு முறை ஓட்டுங்கள்: முதல் முறை கண்ணை அதன் போக்கில் விட்டு, இரண்டாம் முறை அல் எந்தெந்த நொடியில் திரும்புகிறார் என்று மட்டும் கவனித்து.